ஒரு கூடைப்பந்து ஆட்டத்தைத் தடுக்க நீதிமன்றம் ஏன் போனார்கள்? லயோலா அணியின் 1962-63 பருவம்

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்துப் போட்டிகள் உச்சத்தை எட்டும் ஒவ்வொரு மார்ச்சிலும் ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படம் இணையத்தில் மீண்டும் சுற்றுக்கு வரும். ஆட்டம் தொடங்குமுன் இரு அணித் தலைவர்கள் கைகொடுத்துக்கொள்கிறார்கள். ஒருவர் கறுப்பினத்தவர், மற்றவர் வெள்ளையர். ‘அமெரிக்காவை மாற்றிய ஆட்டம்’ என்று அதன்கீழ் எழுதியிருப்பார்கள். எல்லா ஆட்டத்திலும் நடக்கும் கைகுலுக்கலில் என்ன இருக்கிறது என்ற கேள்வி வாசகருக்கு எழுவது இயல்பு. அந்த ஆட்டம் இறுதிப் போட்டிகூட அல்ல. எட்டு நாள் கழித்து நடந்த இறுதிப் போட்டியில் வேறு இரு அணிகளல்லவா மோதியிருக்க வேண்டும் என்று தேடிப் பார்த்தால், படத்தில் இருக்கும் அணிகளில் ஒன்று அங்கேயும் நிற்கிறது. அதுதான் சிகாகோ லயோலா பல்கலைக்கழக அணி. மற்றது மிசிசிப்பி ஸ்டேட் பல்கலைக்கழக அணி.

படத்தின் பொருள் அந்தப் படத்துக்குள் இல்லை. அந்தப் பருவத்தின் விதிகளில் இருக்கிறது. அவற்றில் சில அச்சிடப்பட்டவை. முக்கியமானவை எங்குமே எழுதப்படாதவை.

முதலில் அன்றைய ஆட்டமுறை

கல்லூரிக் கூடைப்பந்துப் பருவம் அன்று டிசம்பரில் தொடங்கி மார்ச்சில் முடிந்தது. பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் ‘கான்ஃபரன்ஸ்’ எனப்படும் வட்டாரக் கூட்டமைப்புகளில் இருந்தன. கூட்டமைப்பில் முதலிடம் பெறும் அணிக்கு, கல்லூரி விளையாட்டுகளுக்கான தேசிய அமைப்பான என்.சி.ஏ.ஏ. நடத்தும் தேசியப் போட்டியில் நேரடி இடம் கிடைத்தது. எந்தக் கூட்டமைப்பிலும் சேராத தனி அணிகளை அவற்றின் வெற்றிக் கணக்கைப் பார்த்து அழைத்தார்கள். 1963-இல் தேசியப் போட்டிக்கு வந்தவை 25 அணிகள்தாம். ஏசு சபைத் துறவியர் நடத்தும் கத்தோலிக்க நிறுவனமான லயோலா தனி அணியாக ஆடியது. மிசிசிப்பி ஸ்டேட் பல்கலைக்கழகம் தென்கிழக்குக் கூட்டமைப்பைச் சேர்ந்தது. இந்த வேறுபாடு பின்னால் தேவைப்படும்.

இன்றைய ஆட்டத்தைப் பார்த்துப் பழகியவர்கள் இரண்டு விஷயங்களை மறந்துவிட்டுப் படிக்க வேண்டும். தூரத்திலிருந்து எறிந்தால் மூன்று புள்ளி என்ற கோடு அன்று கிடையாது. இத்தனை நொடிக்குள் எறிந்தாக வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் ஷாட் கிளாக்கும் கிடையாது. முன்னிலையில் இருக்கும் அணி விரும்பினால் பந்தைக் கைமாற்றிக்கொண்டே நேரத்தைக் கரைக்கலாம். அதனால் 15 புள்ளி பின்தங்கிய அணி எழுவது அன்று மிக மிக அரிது.

எழுதப்படாத இரண்டு விதிகள்

1. வடக்கின் எண்ணிக்கை விதி. வட மாநிலக் கல்லூரிகள் கறுப்பின வீரர்களைச் சேர்த்துக்கொண்டன. ஆனால் ஒரே நேரத்தில் எத்தனை பேரைக் களமிறக்கலாம் என்பதில் பயிற்சியாளர்களுக்கிடையே பேசப்படாத உடன்பாடு ஒன்று இருந்தது. சொந்த ஊரில் இருவர், வெளியூரில் மூவர், தோற்கும் நிலை வந்தால் நால்வர் என்று அதைப் பற்றிப் பேச்சுவழக்கே உண்டு. எந்தச் சட்டப் புத்தகத்திலும் அது இல்லை. மீறினால் அபராதமும் இல்லை. பணம் கொடுக்கும் பழைய மாணவர்கள் முகம் சுளிப்பார்கள், நாளிதழ் எழுதும், எதிரணியின் பார்வையாளர்கள் வசைபாடுவார்கள். அதுவே போதுமானதாக இருந்தது.

2. மிசிசிப்பியின் விலகல் விதி. 1955 டிசம்பரில் அந்த மாநிலத்தின் ஜோன்ஸ் ஜூனியர் கல்லூரி, கறுப்பின வீரர்கள் இருந்த கலிஃபோர்னிய அணியொன்றோடு அமெரிக்கக் கால்பந்து ஆடியது. அதற்குப் பின் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்கள் அரசுக் கல்லூரிகளின் நிதியைச் சுட்டிக்காட்டி மிரட்டத் தொடங்கினர். கறுப்பினத்தவர் ஆடும் அணியோடு எங்கும் ஆடக்கூடாது என்பது சட்டமாக இயற்றப்படவே இல்லை. சட்டமாக இயற்றினால் நீதிமன்றத்தில் கேள்வி கேட்பார்கள். எழுதாமல் வைத்திருப்பதே அதன் பாதுகாப்பு.

இரண்டாவது விதியின் விலையை மிசிசிப்பி ஸ்டேட்டின் சொந்த மாணவர்களே கொடுத்தார்கள். 1959-இல் பெய்லி ஹோவெல் என்ற அருமையான வீரருடன் 24 வெற்றி, ஒரே தோல்வி என்று கூட்டமைப்பை வென்றார்கள். தேசியப் போட்டிக்குப் போகவில்லை. 1961-இலும் 1962-இலும் அதே கதைதான். முதலிடத்துக்கான நேரடி இடம் கென்டக்கி பல்கலைக்கழகத்துக்குப் போனது. ஒதுக்கிவைப்பவர்களுக்கும் அதனால் இழப்பு உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டியதில்லை. ஆனால் வாய்ப்பே தரப்படாத கறுப்பின மாணவர்களின் இழப்போடு இதைச் சமமாக வைக்கக் கூடாது. ஹோவெல் பிற்காலத்தில் தொழில்முறை ஆட்டத்தில் பெரும்புகழ் பெற்றார். வாய்ப்பு மறுக்கப்பட்ட அந்த மாணவர்களில் பலருக்குப் பெயர்கூடப் பதிவாகவில்லை.

ஐயர்லாந்து சேர்த்த அணி

லயோலாவின் பயிற்சியாளர் ஜார்ஜ் ஐயர்லாந்து. அவரைச் சமூகச் சீர்திருத்தவாதியாக்கிப் பார்ப்பது பிற்காலத்து வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர் வெல்ல விரும்பிய பயிற்சியாளர். பெரிய பல்கலைக்கழகங்கள் எண்ணிக்கை விதியால் விட்டுவைத்த திறமை எங்கே இருக்கிறது என்று பார்த்தார், அங்கே போய் உதவித்தொகை கொடுத்து அழைத்துவந்தார்.

தலைவர் ஜெர்ரி ஹார்க்னஸும் ரான் மில்லரும் நியூயார்க் நகரத்துப் பிள்ளைகள். உயரமான லெஸ் ஹன்டர், விக் ரவுஸ் இருவரும் டென்னசி மாநிலம் நாஷ்வில்லில் கறுப்பின மாணவர்களுக்கான பேர்ல் உயர்நிலைப் பள்ளியில் ஒன்றாக ஆடியவர்கள். பந்தை முன்னெடுத்துச் செல்லும் ஜான் ஈகன் சிகாகோவைச் சேர்ந்த வெள்ளையர். தொடக்க ஐவரில் நால்வர் கறுப்பினத்தவர் என்பது அன்றைய எண்ணிக்கை விதியை மீறியது. அந்தப் பருவத்தில் ஐயர்லாந்து அதைப் பற்றிக் கவலைப்படவே இல்லை. முந்தைய ஆண்டில் 23 வெற்றிகளோடு அன்று நியூயார்க்கில் நடந்த என்.ஐ.டி. என்ற மற்றொரு தேசியப் போட்டியில் மூன்றாம் இடம் பெற்ற அணி அது. இனி மேலே போவது மட்டுமே பாக்கி.

ஆடும் முறையும் அணிக்குப் பொருத்தமாக இருந்தது. எதிரணி பந்தை எடுத்த இடத்திலேயே, ஆடுகளத்தின் முழு நீளத்திலும் நெருக்கிப் பிடிக்கும் ‘பிரஸ்’ தடுப்பு. பந்து கைக்கு வந்ததும் எதிரணி திரும்பி ஓடி வருமுன் கூடையை அடைந்துவிடும் வேகம். ஆட்டத்துக்குச் சராசரி 91.8 புள்ளி எடுத்து நாட்டிலேயே முதலிடத்தில் நின்றார்கள்.

பருவத்தின் நடுவே

1962 டிசம்பர் 29-இல் ஓக்லஹோமா சிட்டியில் வயோமிங் அணியோடு ஆடும்போது ஒரு மாற்று வீரர் உள்ளே வந்தார். அந்த நிமிடத்தில் லயோலாவின் ஐவரும் கறுப்பினத்தவர். உயர்நிலைக் கல்லூரிக் கூடைப்பந்தில் அதற்குமுன் அப்படி நடந்ததில்லை. அறிவிப்பும் சடங்கும் இல்லாமல், சாதாரண ஆள்மாற்றமாக அது நடந்தது.

பருவத்தின் பாதியில் பாப்லோ ராபர்ட்சன், பில்லி ஸ்மித் என்ற இரு நல்ல மாற்று வீரர்களைப் படிப்புத் தகுதிக் குறைவால் அணி இழந்தது. அதன்பின் கிட்டத்தட்ட ஐந்தே பேர்தாம் அணி. இந்தத் தகவலை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், இறுதிப் போட்டியில் திரும்பவும் வரும்.

பிப்ரவரியில் ஹூஸ்டனில் பார்வையாளர்களின் வசை எல்லை மீறியது. நியூ ஆர்லியன்ஸ் போன்ற நகரங்களில் கறுப்பின வீரர்களும் வெள்ளை வீரர்களும் ஒரே ஹோட்டலில் தங்க முடியாது. கறுப்பினக் குடும்பங்களின் வீடுகளில் தங்கினார்கள். ஹார்க்னஸின் விடுதி அறைக்கே வெள்ளை இனவெறி அமைப்பான கூ கிளக்ஸ் கிளானிடமிருந்து மிரட்டல் கடிதங்கள் வந்தன. இவற்றுக்கிடையே பௌலிங் கிரீன், விச்சிட்டா ஆகிய இரு அணிகளிடம் மட்டுமே தோற்றார்கள்.

தேசியப் போட்டியின் முதல் ஆட்டத்தில் டென்னசி டெக் அணியை 111-42 என்று வென்றார்கள். 69 புள்ளி வித்தியாசம் என்பது அப்போட்டியின் வரலாற்றில் இல்லாத இடைவெளி. அடுத்த ஆட்டம் யாரோடு என்பதில்தான் சிக்கல்.

ஸ்டார்க்வில்லில் நடந்தது

1963-இல், ஸ்டார்க்வில் நகரில் இருக்கும் மிசிசிப்பி ஸ்டேட் மீண்டும் கூட்டமைப்பில் முதலிடம் பெற்றது. தேசியப் போட்டிக்குப் போனால் எதிரில் லயோலா வர வாய்ப்பு அதிகம் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. முந்தைய இலையுதிர்காலத்தில்தான் ஜேம்ஸ் மெரிடித் என்ற கறுப்பின மாணவர் அதே மாநிலத்தின் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் சேர்வதை ஆளுநர் ராஸ் பார்னெட் தடுக்கப் பார்த்து, கலவரம் வெடித்து, இருவர் கொல்லப்பட்டு, அதிபர் கென்னடி ராணுவத்தை அனுப்பியிருந்தார். புண் ஆறாத நேரம் அது.

மிசிசிப்பி ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் தலைவர் டீன் கோல்வார்ட் வட கரோலைனாவிலிருந்து வந்தவர். மார்ச் தொடக்கத்தில் அவர் ஓர் அறிவிப்பு செய்தார். தகுதியான அதிகாரம் உடையவர்கள் தடுத்தாலன்றி அணியை அனுப்புவேன் என்பது அதன் சாரம். மேலோட்டமாகப் பார்த்தால் பணிவான அறிவிப்பு. உள்ளே இருந்தது கூர்மையான சவால். ‘தடுக்க விரும்புகிறவர்கள் எந்தச் சட்டத்தின் கீழ் என்று எழுதித் தாருங்கள்’ என்று அதற்குப் பொருள். இந்தப் பருவத்தின் மையம் இதுவே என்பது என் கணிப்பு. எழுதப்படாத விதி அதுவரை எல்லோரும் தாமாகக் கீழ்ப்படிந்ததால் உயிரோடிருந்தது. ஒருவர் கீழ்ப்படிய மறுத்ததும், அதைக் காப்பாற்ற நினைத்தவர்கள் அதைக் காகிதத்தில் கொண்டுவரும் கட்டாயத்துக்கு ஆளானார்கள். காகிதத்தில் அது நிற்கவில்லை.

ஆளுநர் வெளிப்படையாக எதிர்த்தார். மாநிலக் கல்லூரி வாரியம் கூடி, பெரும்பான்மை வாக்கால் கோல்வார்ட் பக்கம் நின்றது. மார்ச் 13-இல் பில்லி மிட்ஸ் என்ற அரசியல்வாதியும் இன்னொருவரும் நீதிமன்றத்தில் தடை உத்தரவு வாங்கினர். அணி மாநில எல்லையைத் தாண்டக் கூடாது.

தடை உத்தரவைப் பற்றி ஒரு சட்ட நுணுக்கத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். பொதுவாக அது உரியவர் கையில் சேர்க்கப்பட்டால்தான் அவரைக் கட்டுப்படுத்தும். கல்லூரிக்காரர்கள் செய்ததெல்லாம் இந்த இடைவெளியில்தான்.

1. கோல்வார்ட் அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாமுக்குப் புறப்பட்டுவிட்டார். உத்தரவைக் கொடுக்க வருபவருக்கு அவர் கிடைக்கமாட்டார்.

2. பயிற்சியாளர் பேப் மெக்கார்த்தி, விளையாட்டுத் துறை இயக்குநருடன் காரில் டென்னசியின் மெம்ஃபிஸுக்குப் போய், அங்கிருந்து விமானத்தில் நாஷ்வில்லுக்குச் சென்றார்.

3. முக்கிய வீரர்கள் வளாகத்திலேயே மறைந்திருக்க, மறுநாள் காலை மாற்று வீரர்கள் முதலில் விமான நிலையத்துக்கு அனுப்பப்பட்டனர். அதிகாரிகள் காத்திருக்கிறார்களா என்று பார்ப்பதற்காக. தடை ஏதும் இல்லை என்று உறுதியானதும் மற்றவர்கள் வந்து சேர்ந்தார்கள். விமானம் நாஷ்வில்லில் பயிற்சியாளரை ஏற்றிக்கொண்டு வடக்கே பறந்தது.

மாநில உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவர் அந்தத் தடையை விலக்கியும் விட்டார். ஒரு கூடைப்பந்து அணி தன் சொந்த மாநிலத்திலிருந்து தப்பியோட வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. அந்த வீரர்கள் அனைவரும் வெள்ளையர்கள், இருபது வயதை ஒட்டியவர்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது ஓர் ஆட்டம்.

மார்ச் 15, ஈஸ்ட் லான்சிங்

மிச்சிகன் மாநிலம் ஈஸ்ட் லான்சிங்கில் ஆட்டம். நடுக்கோட்டில் ஹார்க்னஸும் மிசிசிப்பி ஸ்டேட் அணித் தலைவர் ஜோ டான் கோல்டும் கைகொடுத்தார்கள். சுற்றிலும் ஃப்ளாஷ் விளக்குகள் மின்னின. அந்த வெளிச்சத்தில்தான் இது வெறும் ஆட்டமல்ல என்று புரிந்ததாக ஹார்க்னஸ் பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார்.

மிசிசிப்பி ஸ்டேட் 7-0 என்று முன்னேறியது. பந்தை நிதானமாகக் கைமாற்றி ஆடும் பாணி லயோலாவின் வேகத்தைக் கட்டிப்போட்டது. பிறகு லயோலா சுதாரித்தது. லீலண்ட் மிட்செல் ஐந்து ஃபவுல்களோடு, அதாவது ஐந்து விதிமீறல்களோடு, வெளியேறிய பின் மிசிசிப்பி ஸ்டேட்டின் பலம் குறைந்தது. முடிவு 61-51. சராசரி 91 எடுக்கும் அணியை 61-இல் நிறுத்தியதே அந்த எதிரணி எவ்வளவு நன்றாக ஆடியது என்பதைக் காட்டும். சண்டை இல்லை, வசை இல்லை. வீடு திரும்பிய மிசிசிப்பி ஸ்டேட் வீரர்களை ஸ்டார்க்வில்லில் நூற்றுக்கணக்கானோர் வரவேற்றார்கள். அரசியல்வாதிகள் மக்களின் பெயரால் பேசியதும் மக்களில் பலர் நினைத்ததும் ஒன்றல்ல என்பது அன்று தெரிந்தது.

ஐந்து பேர், 45 நிமிடம்

இல்லினாய் அணியை 79-64 என்றும் அரையிறுதியில் டியூக் அணியை 94-75 என்றும் வென்று, மார்ச் 23-இல் லூயிவில் ஃப்ரீடம் ஹாலில் இறுதிப் போட்டிக்கு வந்தது லயோலா. எதிரில் சின்சினாட்டி. 1961, 1962 ஆண்டுகளின் சாம்பியன். அந்தப் பருவத்தில் அதுவரை ஒரே தோல்வி. சின்சினாட்டியின் தொடக்க ஐவரில் மூவர் கறுப்பினத்தவர். ஆக, களமிறங்கிய பத்துப் பேரில் ஏழு பேர். எண்ணிக்கை விதி அந்த அரங்கில் அர்த்தமிழந்து கிடந்தது.

இரண்டாம் பாதியில் சுமார் 12 நிமிடம் மீதியிருக்கையில் சின்சினாட்டி 45-30 என்று முன்னிலை. ஹார்க்னஸ் முதல் பாதியில் களத்திலிருந்து ஒரு கூடைகூடப் போடவில்லை. லயோலா எறிந்தவை உள்ளே விழவே மறுத்தன. ஆட்டம் முடிந்தபின் கணக்கெடுத்தால் 84 எறிவுகளில் 23 மட்டுமே கூடை. சின்சினாட்டி 45-இல் 22. இப்படி எறிந்த அணி எப்படி வென்றது?

விடை அந்த 84-க்கும் 45-க்கும் உள்ள இடைவெளியில் இருக்கிறது. சின்சினாட்டி 16 முறை பந்தை இழந்தது, லயோலா மூன்றே முறை. முன்னிலையில் இருந்த சின்சினாட்டி நேரத்தைக் கரைக்க ஆரம்பித்தது. அதன் முக்கிய வீரர்கள் நான்கு ஃபவுல்களோடு இருந்தார்கள், ஐந்தாவது விழுந்தால் வெளியே. எனவே தடுப்பில் கை நீட்டத் தயங்கினார்கள். லயோலாவின் பிரஸ் அவர்களை அவசரப்படுத்தியது. தவறிய எறிவுகளை ஹன்டரும் ரவுஸும் திரும்பத் திரும்பப் பிடித்து மறுபடி எறிந்தார்கள்.

12 நொடி இருக்கும்போது சின்சினாட்டியின் லாரி ஷிங்கிள்டனுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, அதாவது யாரும் தடுக்காமல் எறியும் ஒரு புள்ளி வாய்ப்புகள். முதலாவது விழுந்தது, 54-52. இரண்டாவதும் விழுந்திருந்தால் மூன்று புள்ளி வித்தியாசம், மூன்று புள்ளிக் கோடே இல்லாத காலத்தில் கதை முடிந்திருக்கும். அது தவறியது. ஹன்டர் பிடித்தார், மில்லருக்கு, மில்லரிடமிருந்து ஹார்க்னஸுக்கு. நான்கு நொடி மீதியிருக்க 54-54.

கூடுதல் நேரத்தில் 58-58. கடைசி எறிவுக்காக லயோலா பந்தை வைத்துக் காத்திருந்தது. ஹார்க்னஸ் எறிய எழும்பியபோது எதிராளியின் கை குறுக்கிட, பந்தை ஹன்டரிடம் தள்ளினார். ஹன்டரின் எறிவு வளையத்தில் உருண்டு வெளியே வந்தது. ரவுஸ் அதைப் பிடித்து உள்ளே போட்டார். 60-58. ஐயர்லாந்து அன்று ஒரு மாற்று வீரரைக்கூட அனுப்பவில்லை. கூடுதல் ஐந்து நிமிடத்தையும் சேர்த்து 45 நிமிடம், அதே ஐவர். பருவக் கணக்கு 29 வெற்றி, 2 தோல்வி.

பிறகு என்ன மாறியது?

பொதுவாக வரலாற்றுத் திருப்பம் என்று சொல்லப்படுவது 1966 இறுதிப் போட்டி. தொடக்க ஐவரும் கறுப்பினத்தவராக இருந்த டெக்சாஸ் வெஸ்டர்ன் அணி, முழுக்க வெள்ளையர் கொண்ட கென்டக்கியை 72-65 என்று வென்றது. ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் வெள்ளை என்று பார்த்தவுடன் புரிகிற காட்சி அது. 1963 இறுதியில் இரு பக்கமும் கலந்த அணிகள் ஆடியதால் அப்படி ஒரு காட்சி கிடைக்கவில்லை, நினைவிலும் பின்தங்கியது. ஆனால் எண்ணிக்கை விதியை முறித்துக்கொண்டு தேசிய சாம்பியன் ஆகலாம் என்று லயோலா காட்டியது. விதி வெற்றிக்குக் குறுக்கே நின்றால் பயிற்சியாளர்கள் விதியைத்தான் கைவிடுவார்கள். அதனால் முதல் விதி விரைவாகச் சரிந்தது.

இரண்டாவது விதியின் வீழ்ச்சி அப்படி இல்லை. எதிரணியில் கறுப்பினத்தவர் ஆடலாம் என்பது ஒரு படி. சொந்த அணியில் ஆடலாம் என்பது வேறு படி. மிசிசிப்பி ஸ்டேட்டில் முதல் கறுப்பின மாணவர் சேர்ந்ததே 1965-இல். தென்கிழக்குக் கூட்டமைப்பின் கூடைப்பந்தில் முதல் கறுப்பின வீரராக வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் பெர்ரி வாலஸ் 1967 டிசம்பரில் களமிறங்கினார். அவர் படித்தது ஹன்டரும் ரவுஸும் படித்த அதே பேர்ல் பள்ளி. 1960-இல் அந்த இருவருக்கும் சொந்த ஊர் வாண்டர்பில்ட்டின் அணிக் கதவு மூடியிருந்தது, 700 கிலோமீட்டருக்கு மேல் பயணித்துச் சிகாகோ போனார்கள். வாலஸ் நாஷ்வில்லிலேயே படித்தார்.

திறந்த கதவுக்குப் பின்னாலும் எளிதாக இல்லை. வாலஸ் முதலாண்டு மாணவர் அணியில் இருந்தபோது, 1967 பிப்ரவரியில் ஸ்டார்க்வில்லுக்கு ஆடப் போனார். அங்கே கூட்டம் பொழிந்த வசையில், இடைவேளையின்போது அவரும் அணியின் இன்னொரு கறுப்பின வீரர் காட்ஃப்ரி டில்லர்டும் ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான்காண்டுகளுக்குமுன் லயோலாவோடு ஆடிவிட்டு வந்த அணியை வரவேற்ற அதே ஊர். மிசிசிப்பி ஸ்டேட் கூடைப்பந்து அணியில் முதல் கறுப்பின வீரர்களான ஜெர்ரி ஜென்கின்ஸ், லாரி ஃப்ரை இருவரும் சேர 1971 வரை ஆனது.